சத்தம் போடாத வண்டி

அவர் நிற்கும் இடத்தில் எதுவும் கிறீச்சிடக் கூடாது. கிறீச்சிட்டால் பேச்சைப் பாதியில் நிறுத்துவார். தலையைச் சற்றுச் சாய்த்து, சத்தம் வரும் பக்கமாக நடப்பார். கால்சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு பழைய சைக்கிள் டியூப் வைத்திருப்பார். கதவு இடுக்கோ மேசைக் காலோ, எது ஆடுகிறதோ அதில் டியூபிலிருந்து ஒரு கீற்று வெட்டிச் செருகுவார். சத்தம் நின்றுவிடும். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி அது. நான் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தேன். அவர் பராமரிப்புக்கும் வண்டிகளுக்கும் பொறுப்பாளர். ஆந்திர எல்லைக்குப் பக்கம் என்பதால் அப்பாவை நைனா என்று கூப்பிடுகிறவர்கள் அங்கே நிறைய. அவரையும் பெண்கள் முதல் வாட்ச்மேன் வரை நைனா என்றே கூப்பிட்டார்கள். அவரும் அப்படித்தான் நடந்துகொண்டார். எல்லோருடைய பிள்ளைகளின் படிப்பும் அவருக்குத் தெரியும். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் வெந்நீர் வரவழைப்பார். ஐந்து வருடத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. 'தங்கமான மனுஷன்' என்று அவரைப் பற்றிச் சொல்லாதவர்கள் அந்தக் கம்பெனியில் குறைவு. அந்தக் குறைவானவர்களில் நான் எப்படிச் சேர்ந்தேன் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

பெண்கள் கழிப்பறையில் ஒருமுறை தண்ணீர் நின்றுபோனது. பிரஸ் பிரிவில் வேலை செய்த ஒரு பெண் அழுதுகொண்டே அவரிடம் வந்தாள். உட்கார வைத்தார். டீ வாங்கிக் கொடுத்தார். அவள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக்கொண்டே கேட்டார். "நா இருக்கேன்ல, நீ போய் வேலய பாரு கண்ணு" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அழுகை நின்றது. தண்ணீர் அந்த மாதம் முழுக்க வரவில்லை.

சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கி வரும்போது பீப் பீப் என்று கத்தும். கண்ணாடி அறையில் இருந்த அதிகாரிகளுக்கு அது தொந்தரவாக இருந்தது. அவர் அந்த ஹாரனின் வாயில் பஞ்சை அடைத்து டேப் ஒட்டினார். மறுவாரம் ஒரு லோடுமேனின் குதிகால் சக்கரத்துக்கு அடியில் போகாமல் மயிரிழையில் தப்பியது. அவனையும் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

அப்போதெல்லாம் இதை விவரம் போதாத ஒரு மனிதரின் நல்லெண்ணம் என்று நினைத்தேன். அது தவறு என்று தெரிந்தது ஒரு மத்தியானம், கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில். அவர் பழைய மெக்கானிக். கவரைப்பேட்டையில் ஒரு ஷெட்டில் வேலை கற்றவர். என் பைக் என்ஜினில் டிக் டிக் என்று ஒரு சத்தம் வருகிறதே, என்ன அது என்று கேட்டேன். டீ டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடிக்காட்டிச் சொன்னார்.

"வால்வுன்றது இன்னா? மூடி. காத்தும் பெட்ரோலும் உள்ள போறதுக்கு ஒண்ணு, பொக வெளிய போறதுக்கு ஒண்ணு. வேல முடிஞ்சா கப்புனு மூடிக்கணும். என்ஜின் சூடானா வால்வு கம்பி நீளும். நீள்றதுக்கு எடம் வுடணும். அந்த எடந்தான் டேப்பட் கேப்பு. எடம் இருந்தா கொஞ்சம் டிக் டிக்குனு சத்தம் வரும். எடமே வுடாம டைட் வெச்சா சத்தம் இருக்காது. ஆனா சூட்டுல மூடி மூடாது. வாய் தொறந்தே கெடக்கும்."

"தொறந்தே இருந்தா?"

"கலவ கெட்டுரும். காத்து இவ்ளோ, பெட்ரோல் இவ்ளோன்னு ஒரு கணக்கு இருக்குப்பா. மூடி கசிஞ்சா இழுக்க வேண்டிய காத்த என்ஜின் ஒழுங்கா இழுக்காது. நிக்கறப்போ அணைஞ்சி அணைஞ்சி போவும். அத்த மறைக்கணும்னா கார்புரேட்டர் ஸ்குரூவ திருப்பி பெட்ரோல ஜாஸ்தி வுடணும். வண்டி நிக்காம ஓடும். ஆனா பாதி பெட்ரோல் வேகாம பொகையா வெளிய வரும். அது வெசம்."

"அப்போ சத்தம் வர்றது நல்லதுதானா நைனா?"

"நல்லதுதான்." அவர் சிரித்தார். "ஆனா கேக்கறவனுக்கு அது தெரியாதே. டிக்குன்னா வண்டி போச்சுன்னு நெனப்பான். பத்து வருசம் ஷெட்ல இருந்து நா கத்துக்கினது ஒண்ணுதான். கஸ்டமருக்கு வேண்டியது நல்ல வண்டி இல்ல. சத்தமில்லாத வண்டி."

எவ்வளவு தெளிவாகச் சொன்னார் என்று வியந்தபடி நான் டீயைக் குடித்தேன். அவர் தெரியாமல் செய்திருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

பெண் தொழிலாளர்களை அழைத்துவர கம்பெனிக்கு ஒரு பழைய வேன் இருந்தது. கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் வண்டி. என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். திருப்பாச்சூரில் கிளம்பி, மணவாள நகரில் ஆள் ஏற்றிக்கொண்டு, பெரியபாளையம், புதுவாயல் வழியாக வரும். ஓட்டியவர் ஏசுபாதம். அதிகம் பேசாதவர். வண்டி நின்றதும் கைக்குட்டையால் ஸ்டீயரிங்கைத் துடைப்பவர். வேனில் பேசுவதற்கு வேறு ஆள் இருந்தது. திருப்பாச்சூரில் முதலாவதாக ஏறும் கன்னியம்மா. பாதி வயல் வேலையிலும் மீதி கம்பெனியிலும் வளர்ந்த குரல் அவளுடையது. இயந்திரங்கள் ஓடும்போதும் அவள் பேசுவது அடுத்த ஷெட்டுக்குக் கேட்கும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், என்ஜின் பெட்டியை ஒட்டிய இடம் அவளுடையது. அங்கிருந்துதான் ஏசுபாதத்தோடு சண்டை போட வசதி.

"அண்ணே, உன் வண்டிய வுட என் வாயி ஃபாஸ்ட்டா ஓடுது. இத்த தள்ளிக்கினு போலாமா?"

"நீ எறங்கினாலே வண்டி லேசாயிரும் தங்கச்சி."

ஒருநாள் வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் வந்தார்கள். அந்த நேரம் பார்த்து வேன் கேட்டுக்குள் நுழைந்தது. "என்னய்யா, தையல் மிஷின் மாதிரி கத்துது?" என்று முதலாளி கேட்டார். அவ்வளவுதான். நைனா அன்று மாலையே என்ஜின் மூடியைக் கழற்றி டேப்பட்டை இறுக்கினார். மறுநாள் வேன் சத்தமில்லாமல் வந்து நின்றது. முதலாளி அவர் தோளைத் தட்டியதை நான் பார்த்தேன்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் அவர் டீக்கடையில் சொன்ன வரிசையிலேயே நடந்தது. வேன் நிற்கும்போது அணைந்து போனது. கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டினார். சைலன்ஸர் குழாயின் மூட்டில் புஸ் புஸ் என்று கசிந்தது. அதன்மேல் கல்நார்க் கயிறு சுற்றினார். சத்தம் நின்றது, கசிவு நிற்கவில்லை. ஏசுபாதம் அவர் முன்னால் போய் நின்றார். நானும் அங்கே இருந்தேன்.

"நைனா, பிளக்கு கழட்டி பாத்தா கரி மாதிரி இருக்கு. உள்ள பெட்ரோல் வாசன வந்துக்கினே இருக்கு. டேப்பட்ட கொஞ்சம் லூஸ் வுட்டா தேவலாம். சத்தம் போட்டா போடட்டுமே."

"வாசனதான? பாத்துக்கலாம்."

மறுநாள் வேனுக்குள் எலுமிச்சை மணம் வீசும் ஒரு அட்டை தொங்கியது.

வேனின் பக்கவாட்டுக் கண்ணாடிகள் தள்ளித் திறப்பவை. குழியான சாலையில் கடகடவென்று ஆடும். அந்த இடுக்குகளிலெல்லாம் சைக்கிள் டியூப் கீற்றுகளை வைத்து இறுக்கினார். கண்ணாடிகள் ஆடுவது நின்றது. திறப்பதும் நின்றது.

பெண்கள் வேனில் தூங்க ஆரம்பித்தார்கள். காலையில் கேட்டுக்குள் வண்டி வரும்போது ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கிடப்பார்கள். நைனா வாசலில் நின்று அதைப் பார்ப்பார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார். "பாரு, எவ்ளோ அமைதியா தூங்குதுங்க. முன்னெல்லாம் கத்திக்கினு வரும். வண்டி தாலாட்டுது." அவர் முகத்தில் உண்மையான பெருமை இருந்தது. நான் அவரைப் பற்றி வேறு எதை மறந்தாலும் அந்த முகத்தை மறக்கப் போவதில்லை.

கன்னியம்மா ஒருநாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"இன்னா தாலாட்டு நைனா? தூங்கல, மயங்கிக் கெடக்குறோம். தல வெடிக்குது. வாந்தியா வருது."

"நாஷ்டா துன்னியா?"

"துன்னுட்டுதான் வந்தேன். நாலு இட்லி."

"நாலு பத்தாது உனக்கு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடி. நைனா, ஞாயித்துக்கெழம எனக்கு தல வலிக்கல. ஊட்ல அடுப்பு ஊதறப்போகூட வலிக்கல. இந்த வண்டில ஏறுனாதான் வலிக்குது. பாக்கியத்துக்கும் அப்டித்தான், இவளுக்கும் அப்டித்தான். கண்ணாடியயாவது தொறக்க வுடு. பேஜாரா இருக்கு."

ஒரு மருத்துவர்கூட இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். மாத்திரை வரவழைத்தார். தண்ணீரோடு தன் கையாலேயே கொடுத்தார். "சத்தம் போடாம போய் உக்காரு தாயீ. சரியாப் பூடும்."

மாத்திரை தலைவலியை நிறுத்தியது.

அது மார்கழி மாதம். தூறல் வேறு. புதுவாயலுக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து, வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. வேன் என்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்பாது என்ற நிலையில் இருந்ததால், ஏசுபாதம் அதை ஓடவிட்டுவிட்டு, எப்போது வழி விடுவார்கள் என்று பார்க்க முன்னால் நடந்து போனார். திரும்பி வர நேரமாயிற்று. பிறகு அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "வண்டிகிட்ட வர்றேன் சார், கன்னியம்மா கொரலு கேக்கல. இவ்ளோ நேரம் நிக்கவெச்சதுக்கு என்னிய கிழிச்சிருக்கணுமே அவ? கொரலே இல்லன்னதும் ஓடியாந்தேன். கதவ இழுக்கறேன், மூட்ட மாதிரி என் மேல வந்து வுழறா."

ஒவ்வொருவராக இழுத்துச் சாலையோரத் தூறலில் கிடத்தினார். லாரிக்காரர்கள் ஓடிவந்து உதவினார்கள். குளிர்ந்த காற்று பட்டதும் சிலர் இருமிக்கொண்டு எழுந்தார்கள். சிலர் வாந்தி எடுத்தார்கள். என்ஜின் பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்த கன்னியம்மா எழவில்லை. ஒரு காய்கறி வண்டியில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சரியாக எரியாத பெட்ரோலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும்; கசிந்த சைலன்ஸர் மூட்டு வழியே அது வேனுக்குள் ஏறியிருந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சத்தமும் இல்லை. நைனா வாழ்நாளெல்லாம் விரும்பியது போன்ற ஒரு பொருள்.

செய்தி கம்பெனிக்கு வந்தபோது அவர் கண் கலங்கினார். அதை நான் மறுக்கவில்லை. வண்டியை இழுத்து வரச் சொன்னார். மத்தியானத்துக்குள் வேன் ஷெட்டுக்கு வந்தது. சாப்பாட்டு நேரம், ஷெட்டில் வேறு யாரும் இல்லை. சரக்குக்கான தார்ப்பாய் எடுக்கப் போன நான், அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு முன் சீட்டைத் தூக்கி, என்ஜின் மேல் குனிந்திருப்பதைக் கண்டேன். இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை வால்வுக் கம்பியின் தலையில் நுழைத்து, இழுத்துப் பார்த்து, ஸ்குரூவைத் திருப்பி, நட்டை இறுக்கினார். ஒவ்வொரு வால்வுக்கும் அப்படியே. அது முடிந்த பிறகுதான் கார்புரேட்டரைத் தொட்டார். அதுதான் முறை. முதலில் வால்வு, கடைசியில் கார்புரேட்டர். அந்தக் கை எங்கும் தயங்கவில்லை. ஸ்டார்ட் செய்தார். வேன் அணையாமல், சீராக, டிக் டிக் என்று தையல் மிஷின் போல ஓடியது. பிறகு சைலன்ஸர் மூட்டுக்குப் புது கேஸ்கட் போட்டார். கண்ணாடி இடுக்குகளிலிருந்து டியூப் கீற்றுகளை உருவிக் கீழே போட்டார். ஒரு சாப்பாட்டு இடைவேளை வேலை. அத்தனை மாதமும் அவர் செய்திருக்க வேண்டிய வேலை அவ்வளவுதான்.

"இன்னா நைனா இது?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கோபமோ பயமோ இல்லை. "வண்டி நல்லா இருக்கணும்ல? நாளைக்கி புள்ளைங்க வரணும்" என்றார் மெதுவாக.

விசாரணைக்கு வந்தவர்கள் வேனை ஓட்டிப் பார்த்தார்கள். கண்ணாடிகளைத் தள்ளிப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. குளிருக்காகப் பெண்களே கண்ணாடியை மூடிக்கொண்டார்கள் என்றும், டிரைவர் என்ஜினை ஓடவிட்டுப் போனது தவறு என்றும் எழுதினார்கள். நான் பார்த்ததைச் சொன்னேன். ஷெட் தரையிலிருந்து பொறுக்கி வைத்திருந்த டியூப் கீற்றுகளையும் நீட்டினேன். அவர்களில் ஒருவர் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தார். "இதெல்லாம் எந்த ஷெட்லயும் கிடக்குமேப்பா" என்று திருப்பிக் கொடுத்தார். பேப்பரில் நான்கு வரி வந்தது. காலை உணவு சாப்பிடாமல் வந்த பெண்கள் வேனில் மயங்கியதாக அதில் இருந்தது. கன்னியம்மாவின் நாலு இட்லி அந்த நான்கு வரியில் காணாமல் போனது. ஏசுபாதம் வேலையை விட்டு நிறுத்தப்பட்டார். அவருக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைக்கவும் நைனாவே சொல்லிவைத்தார். எல்லோரும் அதையும் பாராட்டினார்கள்.

கன்னியம்மா பிழைத்தாள். ஆனால் நடக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நீண்ட இடைவெளி விட்டு வந்தது. குரல் இருந்தது, சொல் அதில் ஏறிவர நேரமானது. "டாக்டர் மாசக்கணக்கு ஆவும்றாரு" என்றார் அவள் புருஷன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏசுபாதத்தோடு திருப்பாச்சூருக்கு அவளைப் பார்க்கப் போனேன். நாங்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நைனா. கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ் பாட்டில். ஏசுபாதம் எழுந்து நின்றார். பழக்கம்.

அவர் எல்லோரையும் விசாரித்தார். அவள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டார். "கம்பெனி பாத்துக்கும். நா இருக்கேன்ல" என்றார். புருஷன் தலையாட்டினார். அந்த வீட்டில் கோபமாக இருந்த ஒரே ஆள் அந்த நேரத்தில் நான்தான் என்று தோன்றியது.

அப்போது அவர் பேச்சு பாதியில் நின்றது. தலை சாய்ந்தது. மேலே மின்விசிறி டக், டக் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தட்டிக்கொண்டிருந்தது.

"இந்த சத்தத்துல எப்டிம்மா தூங்குவ நீ?" என்று எழுந்தார். சுவிட்சை அணைத்தார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். பையிலிருந்து சைக்கிள் டியூப் துண்டை எடுத்தார்.

கன்னியம்மா அந்த டியூபைப் பார்த்தாள். பாயிலிருந்து எழுந்தாள். புருஷன் பிடிக்கப் போனார், கையைத் தட்டிவிட்டாள். சுவரைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக நகர்ந்து, சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எறங்கு" என்றாள்.

"ஒரே நிமிசம் தாயீ. இந்த கம்பி இடுக்குல வெச்சா..."

"தூங்க..." அடுத்த சொல்லுக்காக நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அவரும் நாற்காலி மேலே காத்திருந்தார். "...வேணாம். ஓடறது... கேக்கணும்."

"மெதுவா, மெதுவா. கத்தாதம்மா, உடம்புக்கு ஆவாது."

அவள் சுவிட்சைப் போட்டாள்.

இறக்கை அசைந்ததும் அவர் சட்டென்று தலையைக் குனிந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். டியூப் கீற்று கையிலேயே இருந்தது. விசிறி சுற்றத் தொடங்கியது. டக். டக். சத்தம் வந்த திசையில் அவர் தலை மறுபடியும் சாய்ந்தது. சாய்வதை அவரால் தடுக்க முடியவில்லை.

கன்னியம்மா அவரைப் பார்த்தபடியே, பழைய குரலில், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி புருஷனிடம் சொன்னாள்.

"ஃபுல்லா வை."